கைமாத்துப் பிள்ளைகள்

1

இந்தக் கதை தானாக வந்ததில்லை, கேட்டு வாங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் ஆரம்பித்தால் பாதியில் எனக்கே கூச்சமாகிவிடும்.

போன ஆடியில் அறிவுச்செல்வன் என்று ஒரு பிள்ளை வந்தது. சங்கராபுரம் பக்கம் ஒரு டிரஸ்டில் வேலை. வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"அம்மா, நீங்க கதை எழுதறவங்கன்னு சொன்னாங்க. எங்களுக்கு ஒரு வெற்றிக் கதை வேணும்."

"இன்னாப்பா அது, வெற்றிக் கதை?"

"ஒருத்தருக்கு ஒரு கஷ்டம் இருக்கணும்மா. தொண்டு நிறுவனம் போவணும். கஷ்டம் தீரணும். கடைசியில அவங்க சிரிக்கணும். ஒரு பக்கத்துக்கு மேல வாணாம், பணம் குடுக்கறவங்க அதுக்கு மேல படிக்க மாட்டாங்க."

"உங்க டிரஸ்டுலயே எவ்ளோ கதை இருக்கும்."

"எங்க டிரஸ்டுல இப்ப யாரும் சிரிக்கலம்மா. எனக்கே சம்பளம் பாதிதான் வருது. எந்த டிரஸ்டு கதையா இருந்தா இன்னா? பேர மாத்திக்கலாம்."

அந்தப் பிள்ளை மோர் குடித்த வேகத்தைப் பார்த்துவிட்டு என்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்குத் தெரிந்த தொண்டு நிறுவனக் கதை ஒன்றே ஒன்றுதான். எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம், இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெல்லாம் அடைபட்டுக் கிடந்தபோது கல்வராயன் மலை மேல் நடந்தது. வடக்கனந்தலில் எங்கள் தெருவில் இருக்கிற அம்சவள்ளி அப்போது அங்கே இருந்தாள். கண்ணால் கண்டதை அவள் சொன்னாள். மனசுக்குள் நடந்ததை நான் சொல்கிறேன். அதற்கு அவள் பொறுப்பில்லை.

ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. சிரிப்பு விஷயம், இருங்கள், கடைசியில் பார்ப்போம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

இயற்கை எழில் கொஞ்சும் கல்வராயன் மலையின் உச்சியில்—

(அடித்துவிட்டேன். புரட்டாசி மழையில் அந்தப் பாதையில் வழுக்காமல் நடக்கவே கண் போதாது. எழிலை எந்தக் கண்ணால் பார்ப்பது?)

பிறகு இப்படி:

செந்தமிழ்ச்செல்வி தியாக உள்ளம் படைத்தவள். அவள்—

(இதையும் அடித்துவிட்டேன். அம்சவள்ளிக்குப் படித்துக் காட்டினேன். "சம்பளம் வராத மாசம்தாங்க்கா எங்கள மேடையில ஏத்தி தியாகின்னுவாங்க" என்றாள்.)

மூன்றாவது முறை பாயிலிருந்து தொடங்குகிறேன்.

மலை மேல் ஈச்சம்பட்டு பால்வாடியில் காலையில் எல்லாப் பாய்களையும் விரித்துவிட வேண்டும். அது அந்தப் பால்வாடியை நடத்திய டிரஸ்டின் செயலாளர் அரங்கநாதன் போட்ட உத்தரவு. பணம் கொடுக்கிறவர்களின் ஆள் எந்த நாளும் வரலாம். வரும்போது சுருட்டி வைத்த பாய் அவர் கண்ணில் படக்கூடாது. ஆகவே டீச்சர் செந்தமிழ்ச்செல்வி வாசலைப் பெருக்கி, சுவரோரம் சாய்த்திருக்கும் கோரைப்பாய்களை ஒவ்வொன்றாக உருட்டி விரிப்பாள். பிறகு மணி அடிப்பாள். மணியோசை எதிர்ச்சரிவில் பட்டுச் சற்றுத் தாமதித்துத் திரும்பி வரும். அந்தப் பக்கமும் எவளோ ஒருத்தி பால்வாடி வைத்துக்கொண்டு, பிள்ளை வராமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று செல்வி நினைத்துக்கொள்வாள். சில நாள் அவளுக்குப் பதிலாக இன்னொரு தடவையும் அடிப்பாள்.

கடைசி வீட்டு இரட்டைப் பிள்ளைகள் கஞ்சி வேளைக்கு மட்டும் வருவார்கள். தவறாமல் வருவது ஒரு வெள்ளாடு. கதவண்டைப் பாயில் படுத்துக்கொண்டு அசை போடும்.

"நீ மட்டும் ரெண்டு கால்ல நடந்தீன்னா உன் பேரையும் எழுதிக்குவேன்" என்பாள் அதனிடம். அந்த நாளில் அவள் பேசிய முதல் பேச்சு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

செல்விக்கு ஊர் திருக்கோவிலூர். கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். அண்ணன் வீட்டில் இருந்தவரை அண்ணி அவளுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, உள்ளே போய்ச் சட்டியைச் சத்தமாகக் கழுவுவாள். ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை. சட்டிதான் பேசும். பால்வாடிக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் செல்விக்குத் தனக்கென்று உலை வைத்துத் தானே சட்டி கழுவிக்கொள்கிற இடம் கிடைத்தது. இந்த வேலை போனால் திரும்பவும் அந்தச் சட்டிச் சத்தத்துக்குத்தான் போக வேண்டும்.

3

பிள்ளைகள் ஏன் வரவில்லை? மலைக்காரர்களுக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று எழுதி வைத்திருந்தேன். (அறிவுச்செல்வனுக்கு அது பிடித்திருக்கும். கஷ்டம் என்று ஒன்று வேண்டுமே.) ஆனால் அம்மாசி வந்து அந்த வரியைக் கலைத்துவிட்டான்.

அம்மாசிக்குப் பால்வாடிக்கு மேலே சாமைக் கொல்லை. கதிர் பிடிக்கிற நாளில் குருவி விரட்டிக்கொண்டு பரண் மேல் இருப்பான். பக்கத்தில் அவன் மகள், நான்கு வயதிருக்கும். செல்வி பரணுக்குக் கீழே போய் நின்றாள்.

"பொண்ண அனுப்பக்கூடாதா அம்மாசி? பாட்டு சொல்லித் தரேன். சத்துமாவு உருண்டை குடுக்கறேன்."

"உனக்கு முன்ன இருந்தாளே, அவளும் பாட்டுதான் சொல்லிக் குடுத்தா."

"அவங்க எங்க இப்ப?"

"காசு நின்னுச்சி, பூட்டா. அவளுக்கு முன்ன கண்ணாடி போட்ட ஒருத்தி. அவளுக்கும் காசு நின்னுச்சி. என் பெரியவன் அவகிட்ட ஒட்டிக்கினு கெடந்தான். அவ போனப்புறம் தெனமும் பூட்டுன கதவாண்ட போயி குந்திக்கினான். சோறு வாணாம், ஆத்தா வாணாம். அவனுக்குக் கதவு தெறக்கணும். அவ்ளோதான்."

அம்மாசி மகளைத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்துக்கொண்டான்.

"மாடு செத்தா புள்ளைக்கு வெளங்க வெச்சிடலாம். காசு நின்னுச்சின்னா அது இன்னான்னு நான் எப்டி வெளங்க வெப்பேன், நீ சொல்லு."

"நான் போவ மாட்டேன்."

அம்மாசி குருவியைப் பார்த்து ஒரு கல்லை வீசினான். "அது உன் கையிலயா கீது?" என்றான்.

பாருங்கள், முடிச்சு இங்கேதான். பிள்ளை வந்தால்தான் பணம் வரும் என்கிறார் அரங்கநாதன். பணம் வந்தால்தான் செல்வி இருக்க முடியும். செல்வி இருந்தால்தான் பிள்ளையை அனுப்புவேன் என்கிறான் அம்மாசி. இதை அவிழ்க்கிற சாமர்த்தியம் எனக்கு இருந்தால் நான் ஏன் கதை எழுதிக்கொண்டு இருக்கிறேன்?

4

இனி இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வழக்கம்.

டிரஸ்டுக்குப் பால்வாடிகள் பல, ஜீப் ஒன்று. பார்வையிட ஆள் வருகிற அன்று ஓர் ஊர்ப் பிள்ளைகளை இன்னோர் ஊரில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். பக்கத்து வீட்டில் காப்பித்தூள் வாங்கிவிட்டுத் திருப்பித் தருகிறோமே, அதற்குச் சொல்கிற பெயர்தான் இதற்கும்: கைமாத்து.

"வந்த ஆளு எங்க ஊர்ல போட்டோ புடிச்சிக்கினு, டீ குடிச்சிட்டு அடுத்த ஊருக்குப் போவறதுக்குள்ள" என்று அம்சவள்ளி சொன்னாள், "நாங்க வேற சட்டைய மாட்டி அதே புள்ளைங்கள அங்க குந்த வெச்சிடுவோம். ஒருவாட்டி ஒரு பொண்ணு அந்தாளப் பாத்து, 'மாமா, நீ மறுபடியும் வந்துட்டியா'ன்னு கேட்டுடுச்சி. எனக்கு உசுரே இல்ல."

(அரங்கநாதனை வில்லனாக்கிவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க முயன்றேன். மீசை கூட வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. மெட்ராசில் பணம் கொடுக்கிற ஆபீஸ் வாசலில் பொழுது விடிந்து பொழுது போகிறவரை உட்கார்ந்துவிட்டு, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற பதிலோடு கடைசி பஸ்ஸில் நின்றபடியே திரும்பி வருகிற மனிதர். அவருக்கு மீசை பொருந்தவில்லை.)

அந்தப் புரட்டாசியில் முறை ஈச்சம்பட்டுக்கு வந்தது. மெட்ராசிலிருந்து ஓர் ஆள் வருகிறார். பிள்ளைகள் இருந்தால் பால்வாடி தொடரும். இல்லையென்றால் பூட்டு. முந்தின நாளே ஜீப் வடக்கனந்தல் பால்வாடிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலையேறியது. கூட வந்தவள் அங்கே சமையல் வேலை பார்த்த அம்சவள்ளி. தாய்மார்களிடம் கோமுகி அணையும் மலையும் பார்க்க உல்லாசப் பயணம், பிள்ளைகள் மறுநாள் பொழுது சாய வந்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஜீப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மெட்ராஸ்காரரை ஏற்றி வரக் கீழே போனது.

போன ஜீப் திரும்பவில்லை.

5

மறுநாள் பாய் நிறையப் பிள்ளைகள். தலை சீவி, பவுடர் பூசி, வரிசையாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். யாரும் வரவில்லை. பவுடர் வியர்வையில் வழிந்தது. இரண்டாம் தடவையும் பூசினார்கள். அதுவும் வழிந்தது.

பொழுது சாயும்போது கீழேயிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்த ஒருவர் சேதி சொன்னார். சாலை நெடுக மரத்தை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள், பஸ் இல்லை, ஊரெல்லாம் போலீஸ், பிள்ளைகள் மேலேயே இருக்கட்டும், அதுதான் பத்திரம் என்று தாய்மார்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"எதுக்கு மரத்த வெட்றாங்க?" என்று கொல்லையிலிருந்து இறங்கி வந்த அம்மாசி கேட்டான்.

"வேலையில, படிப்புல எடம் வேணும்னு" என்றாள் அம்சவள்ளி. "இந்தப் புள்ளைங்களோட அப்பனுங்களும் அதுல கீறாங்க."

"புள்ளைங்களுக்கு எடம் கேக்கறாங்களா? புள்ளைங்க இங்க இல்ல குந்திக்கினு கீது." அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்தான். "ராத்திரிக்கு இதுங்களுக்கு சோறு?"

அம்சவள்ளி கொண்டுவந்த அரிசி தீர்ந்துவிட்டது. பால்வாடியில் சத்துமாவு மட்டும்தான் இருந்தது. அதுவும் அடிமூட்டை. செல்வி மூட்டையைத் திறந்து காட்டினாள்.

அம்மாசி மணியை எடுத்து அவனே அடித்தான். ஊர் கூடியது. வீட்டுக்கு ஒரு பிள்ளையாகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். அம்மாசியின் பங்குக்கு வந்தவள் மணிமொழி. ஓயாமல் மூக்கை உறிஞ்சுகிற சிறு பெண்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்று போகிறபோது அம்மாசி சொன்னான். "சோறு போட்டுட்டா அந்தப் புள்ள எங்க பொறுப்பு. எடுத்த எடத்துலதான் திரும்ப வெப்போம். நடுவுல வேற கையில குடுக்கற வழக்கம் எங்கள்ல இல்ல."

அவன் சொன்னதன் அர்த்தம் மறுநாள் காலையில்தான் செல்விக்குத் தெரிந்தது. அவள் மணி அடிக்குமுன்பே வாசலில் ஆட்கள். அவரவர் வீட்டுக்குப் போன பிள்ளையை அவரவர் கையால் கொண்டுவந்து, எடுத்த இடமான பாயில் உட்கார வைத்தார்கள். பொழுது சாய வந்து மறுபடியும் கூட்டிப் போனார்கள். கீழ்நாட்டுப் பிள்ளைகள் பெரியவர்களோடு மட்டும் நடக்க மாட்டோம் என்று அடம்பிடித்ததால் வீட்டுப் பிள்ளையும் துணைக்கு வந்தது. துணைக்கு வந்தது வாசலில் நின்றது. பிறகு எட்டிப் பார்த்தது. பிறகு உட்கார்ந்தது. மணிமொழியின் விரலைப் பிடித்துக்கொண்டு அம்மாசியின் மகளும்.

வெள்ளாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. செல்வி அன்று மணி அடித்தபோது எதிர்ச்சரிவிலிருந்து பதில் கேட்கவில்லை. இந்தப் பக்கத்துக் கூச்சலில் அது எப்படிக் கேட்கும்?

6

இந்த இடத்தில் எனக்கு செல்வி மேல் சந்தேகம் வந்துவிட்டது. ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். மனுஷிக்கு அப்படி இருக்க முடியுமா?

அம்சவள்ளியிடம் துருவித் துருவிக் கேட்டேன். "அந்தப் பொண்ணு அந்த நாளுங்கள்ல ஒரு தினுசா இருந்துச்சிக்கா" என்றாள். "மாவு உருண்டை புடிக்கும்போது பாடும். நான் ரோட்டையே பாத்துக்கினு இருப்பேன். அது ரோட்டுப் பக்கமே திரும்பாது."

அந்த ஒரு வரியிலிருந்து மீதியை நான் எடுத்துக்கொள்கிறேன். செல்வி ரோட்டின் வளைவைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஜீப் வந்துவிடுமோ என்று பயந்தாள். கை கழுவிவிட, மூக்குத் துடைத்துவிட, "டீச்சர், இவ கிள்றா" என்று கோள் சொல்ல அவளைச் சுற்றி எப்போதும் யாராவது இருந்தார்கள். தலைமயிர் எல்லாம் சத்துமாவு. ஜீப் வந்தால் இந்தப் பிள்ளைகள் போய்விடும். இவர்கள் போனால் துணைக்கு வந்தவர்களும் போய்விடுவார்கள். கும்பிடும்போது அவள் கேட்டது, இன்னும் ஒரே ஒரு மரம் விழட்டும் என்பதுதான்.

அப்படிக் கேட்ட அன்றே இன்னொரு சேதியும் மலையேறி வந்தது. கீழே ஆள் செத்திருக்கிறதாம். யார், எந்த ஊர், சொன்னவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் அப்பன்மார் பெயர் ஒவ்வொன்றும் அம்சவள்ளியின் வாய்க்குள் ஓடியது.

மணிமொழி அந்தச் சமயம் பார்த்துச் செல்வியின் முந்தானையை இழுத்தாள். "டீச்சர், எங்கம்மா இன்னா பண்ணிக்கினு இருக்கும்?"

"சோறாக்கிக்கினு இருக்கும்டா."

"என்னை வுட்டுட்டா?"

செல்வி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தன் வேண்டுதல் இந்தக் குழந்தைக்குக் கேட்டுவிட்டதோ என்று அவளுக்கு உடம்பு கூசியது. அதற்குப் பிறகு ரோட்டைப் பார்த்தே நின்றாள்.*

* இதை அம்சவள்ளியும் சொன்னாள். "கடைசியில என்னைவிட அதுதான் ஜாஸ்தி பாத்துக்கினு நின்னுச்சி" என்றாள். ஆகவே இதில் என் கைச்சரக்கு கம்மி.

7

ஜீப் காலையில் வந்தது, பிள்ளைகள் எல்லாரும் பாயில் இருக்கிற நேரம். கீழ்நாட்டுப் பிள்ளை, மலைப் பிள்ளை, பிரிக்க முடியாமல் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் வாசலிலேயே நின்றார்கள். வண்டிச் சத்தம் கேட்டு யாரும் கொல்லைக்குப் போகவில்லை.

அரங்கநாதன் இறங்கினார். மறியல் நாளெல்லாம் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்ட மெட்ராஸ்காரர் கசங்கிய சட்டையோடு இறங்கினார். டிரைவர் செல்வியின் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அணைக்கட்டாண்ட தாய்மாருங்க எல்லாம் வந்து நிக்கிறாங்கம்மா. ஒருத்தரும் குந்த மாட்டேங்கறாங்க."

அரங்கநாதனுக்கும் அது காதில் விழுந்தது. ஆனால் கதவு வழியாக நிறைந்த பாய்களைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அம்சவள்ளி அதுவரை பார்த்ததில்லையாம்.

"செல்வி, ஒரு மணி நேரம் போதும்மா" என்றார் கிசுகிசுப்பாக. "சார் உள்ள வந்து பாக்கட்டும். ஒரு போட்டோ. அப்புறம் ஏத்திக்கலாம். இத்தனை நாள் இருந்த பசங்கதான?"

செல்வி உள்ளே பார்த்தாள். அவள் கேட்டதெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தது. வேலை, தனி உலை, காலையில் கூப்பிட ஒரு பெயர். ஒரு மணி நேரம் பேசாமல் நின்றால் போதும்.

"நிக்கிறவங்க இன்னும் ஒரு மணி நேரம் நிக்கணுமா சார்?" என்றாள். பிறகு உரக்கச் சொன்னாள்: "அம்சாக்கா, புள்ளைங்கள ஏத்து."

மெட்ராஸ்காரர் திரும்பினார். "எங்கம்மா போறாங்க இவங்க?"

"அவங்க வூட்டுக்கு சார்."

அரங்கநாதன் ஜீப்பின் மீது கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

ஒவ்வொரு வீட்டாராக உள்ளே போய், தாங்கள் சோறு போட்ட பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அம்சவள்ளியின் கையில் கொடுத்தார்கள். எடுத்த இடத்தில் வைத்தாயிற்று. ஒருத்தி ஒரு சுரைக்குடுக்கையில் தேன் கொடுத்தாள். ஒருத்தி எதுவும் கொடுக்காமல் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கொடுத்து முடிந்தவர்கள் தங்கள் பிள்ளையைத் தேடினார்கள். சில பிள்ளைகள் எழுந்து வந்தன. சில எழுந்திருக்கவில்லை.

கடைசியாக அம்மாசி. மணிமொழியைத் தூக்கி ஜீப்பில் வைத்தான். அவன் மகள் அழவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். அவன் அவள் கையைப் பிடிக்கப் போனவன், பிடிக்காமல் செல்வியைப் பார்த்தான்.

"நீ இருப்பியா, பூடுவியா?" என்று கேட்டான்.

அதே நேரம் மெட்ராஸ்காரர் பேனாவைத் திறந்துகொண்டு, "ஏம்மா, இங்க உன் பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று கேட்டார்.

அம்சவள்ளியும் ஏறிக்கொள்ள, டிரைவர் வண்டியைக் கிளப்பினார். செல்வி வாயைத் திறந்ததை அம்சவள்ளி பார்த்தாள். யாரைப் பார்த்துத் திறந்தாள் என்பது தெரியவில்லை. குறுக்கே புகை. வண்டி வளைவில் திரும்பிவிட்டது.

அணைக்கட்டில் மணிமொழியின் அம்மா ஓடி வந்த வேகத்தில் ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. அதைப் பற்றி அம்சவள்ளி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வாள். மேலே என்ன ஆயிற்று என்று மட்டும் அவளுக்குத் தெரியாது. அந்த மாதமே அவளுக்கும் சம்பளம் நின்றுபோய், கரும்பு வெட்டப் போய்விட்டாள்.

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) மெட்ராஸ்காரர் செல்வியின் நேர்மையைப் பாராட்டுகிறார். பணம் தொடர்கிறது. பிள்ளைகள் வருகிறார்கள். செல்வி சிரிக்கிறாள். (இதை ஒரு பக்கத்தில் எழுதி அறிவுச்செல்வனிடம் கொடுத்துவிட்டேன். "சூப்பர்ம்மா" என்றது அந்தப் பிள்ளை. அதற்கும் சம்பளம் முழுசாக வரட்டும்.)

(ஆ) பால்வாடியைப் பூட்டிவிடுகிறார்கள். செல்வி திருக்கோவிலூர் பஸ் ஏறுகிறாள். மறுநாள் காலையில் அம்மாசியின் மகள் தனியாக நடந்து வந்து, பூட்டிய கதவண்டை

(இதற்கு மேல் கை ஓடவில்லை.)

(இ) பணம் நின்றும் செல்வி போகவில்லை. மலைக்காரர்கள் வீட்டுக்கு வீடு சோறு போடுகிறார்கள், அவள் அங்கேயே இருந்துவிடுகிறாள். (அழகாக வந்தது. எழுதி முடித்துப் படித்தால் இரண்டாம் பாகத்தில் அடித்த 'தியாக உள்ளம்' சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. கிழித்துவிட்டேன்.)

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இப்போதுதான் மலைக்கு பஸ் போகிறதே, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினால் என்ன? போனேன். காலையில் குளித்து, பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஸ்டாப்பிங்கில் போய் நின்றேன். பஸ் வந்தது. கண்டக்டர், "ஏறும்மா, எடம் கீது" என்றார். ஏறவில்லை. எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை. அந்தப் பால்வாடி வாசலில் நிற்கிற செல்வியோடுதான் இத்தனை நாளாகப் பேசிக்கொண்டு இருக்கிறேன். போய்ப் பார்த்தால் அவள் நின்ற இடம் காலியாகிவிடும். பஸ் போன பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

ஆகவே அவள் இன்னும் நிற்கிறாள். ஒருவர் எத்தனை பேர் என்று கேட்கிறார். ஒருவன் இருப்பியா என்று கேட்கிறான். இவருக்கு என்ன பதில் என்பது அவனைப் பொறுத்தது. அவனுக்கு என்ன பதில் என்பது இவரைப் பொறுத்தது. நீங்கள் அந்த இடத்தில் நின்றால் யார் பக்கம் முதலில் திரும்புவீர்கள்?

யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அம்மாசியின் மகள் ஒரு காலை எடுத்துப் பாயின் மேல் வைத்துவிட்டாள். இன்னொரு கால் இன்னும் வெளியே இருக்கிறது.